புல்மோட்டை மணலில் பெயர் சொல்லாமல் போகும் ஹாஃப்னியம்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேலே போனால் புல்மோட்டை. அங்கே கரை மணல் கறுப்பு. கறுப்புக்குக் காரணம் இல்மனைட் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 1957இல் அரசு ஒரு கனிய மணல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியதும் அந்த மணலை நம்பித்தான். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொண்டுவந்து சேர்க்கும் இந்த மணலில் பாதிக்கு மேல் பாரமான கனியங்கள். அந்தப் பாரப் பகுதியில் ஏறத்தாழ எழுபது வீதம் இல்மனைட். ரூட்டைலும் சிர்கோனும் தலா எட்டு முதல் பத்து வீதம் வரை. மொனசைட் மிகச் சொற்பம்.

இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டேனியம் தருபவை. வெள்ளைப் பெயின்ட்டின் வெண்மை அங்கிருந்துதான் வருகிறது. அவற்றைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய உண்டு. சிர்கோனைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அந்தச் சிர்கோனுக்குள் இருக்கும் ஹாஃப்னியம் பற்றி யாருமே பேசுவதில்லை. ஆவர்த்தன அட்டவணையில் 72ஆம் இடத்தில் இருக்கும் இந்த உலோகத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சிர்கோன் எப்படிக் கையில் கிடைக்கிறது என்று பார்ப்போம். மணலைத் தண்ணீரோடு சுருள் வாய்க்கால்களில் ஓடவிட்டால் லேசான படிகமணலும் கிளிஞ்சல் தூளும் ஒரு பக்கமும் பாரமானவை மறுபக்கமும் ஒதுங்கும். பாரமானதைக் காயவைத்துக் காந்தத்தில் காட்டினால் இல்மனைட் போய் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை உயர் மின்னழுத்த உருளைகளில் விட்டால் மின்சாரம் கடத்தும் ரூட்டைல் பிரிந்துவிடும். காந்தத்துக்கும் மசியாமல் மின்சாரத்துக்கும் மசியாமல் கடைசியில் எஞ்சுவது சிர்கோன். கண்ணாடித் துணுக்கு மாதிரியான சின்னச் சின்ன மணிகள். இதுவரை நடந்த எல்லாமே கைக்கு எட்டிய வேலை: எடை, காந்தம், மின்சாரம். இதற்குப் பிறகு ஹாஃப்னியத்தைப் பிரிக்க இந்த மூன்றும் உதவாது. ஏனென்றால் ஹாஃப்னியம் தனி மணியாக எங்கும் கிடையாது. சிர்கோன் மணியின் உள்ளே, சிர்கோனியம் அணு உட்கார வேண்டிய இடங்களில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற கணக்கில் ஹாஃப்னியம் அணு உட்கார்ந்திருக்கிறது.

வியாபாரிகளும் இதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. உலகச் சந்தையில் சிர்கோன் மணலுக்குத் தரச் சான்று எழுதும்போது, சிர்கோனியம் ஒட்சைட்டும் ஹாஃப்னியம் ஒட்சைட்டும் சேர்த்து இத்தனை வீதம் என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். அறுபத்தைந்து, அறுபத்தாறு வீதம் என்று ஒரு எண் இருக்கும். அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று கேட்பவர் அநேகமாக இல்லை. ஒரு டன் சிர்கோனில் சாதாரணமாகப் பத்துக் கிலோ அளவில் ஹாஃப்னியம் இருக்கும். பெயர் சொல்லாமல், தனி விலை இல்லாமல் அது கப்பலேறிப் போகிறது.

இந்தக் கண்ணாமூச்சி விளையாட்டில் இலங்கைக்குப் பழைய பங்கு உண்டு. 1789இல் பெர்லினில் மார்ட்டின் ஹைன்ரிச் கிளப்ரோத் என்ற இரசாயனவியலாளர் இலங்கையிலிருந்து போன சிர்கோன் கல்லை ஆராய்ந்து, அதில் அதுவரை அறியப்படாத ஒரு பொருள் இருப்பதாக அறிவித்தார். அதுதான் சிர்கோனியம். நிறமற்ற சிர்கோனை அந்தக் காலத்தில் 'மாத்தறை வைரம்' என்று விற்றார்கள் என்பதை மாணிக்க வியாபாரம் தெரிந்தவர்கள் அறிவார்கள். கிளப்ரோத் கையில் இருந்த அந்தக் கல்லில் ஹாஃப்னியமும் இருந்தது. அவருக்குத் தெரியவில்லை. அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கும் தெரியவில்லை. சிர்கோனியத்தின் அணுத்திணிவை அளந்தவர்கள் அத்தனை பேரும் உண்மையில் ஒரு கலவையைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள். இப்படி 134 ஆண்டுகள் ஓடின. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் மூலகங்களைத் தேடித் தேடிக் கண்டுபிடித்த காலம். அப்படிப்பட்ட காலத்தில் ஒவ்வொரு ஆய்வுகூட அலுமாரியிலும் இருந்த போத்தலுக்குள் ஒரு மூலகம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

இத்தனை காலம் ஒளிந்திருக்க எப்படி முடிந்தது? மூலகங்களைப் பிரிப்பது என்றால் அவற்றின் நடத்தையில் ஏதாவது வித்தியாசம் வேண்டும். ஒன்று கரையும், மற்றது கரையாது. ஒன்று வீழ்படிவாகும், மற்றது ஆகாது. சிர்கோனியத்துக்கும் ஹாஃப்னியத்துக்கும் இடையில் அப்படி ஒரு பிடி கிடைப்பது மிகக் கடினம். ஆவர்த்தன அட்டவணையில் ஒரே கூட்டத்தில் மேலும் கீழும் இருப்பவை ஒன்றுபோல நடப்பது வழக்கம்தான். ஆனால் கீழே போகப் போக அணு பருத்துக்கொண்டு போகும். அந்தப் பருமன் வித்தியாசம் நடத்தையிலும் தெரியும். இங்கே அது நடக்கவில்லை. சிர்கோனியத்தின் அணுவெண் 40, ஹாஃப்னியத்தின் அணுவெண் 72. கருவில் முப்பத்திரண்டு புரோத்தன்கள் கூட. இருந்தும் சிர்கோனியம் அணுவின் ஆரை சுமார் 160 பிக்கோமீற்றர், ஹாஃப்னியத்தினது சுமார் 159.

காரணம் இடையில் நிற்கும் பதினான்கு லந்தனைட்டுகள். அவற்றில் ஒவ்வொரு படி போகும்போதும் ஒரு புரோத்தனும் ஒரு இலத்திரனும் கூடுகின்றன. கூடும் இலத்திரன் வெளியே போய் அணுவைப் பெருக்கவைக்காமல் உள்ளே 4f என்ற இலத்திரன் ஓட்டில் போய் அமர்கிறது. அந்த ஓட்டின் இலத்திரன்கள் கருவின் இழுவையைச் சரியாக மறைப்பதில்லை. ஆகவே வெளி இலத்திரன்கள் மேலும் மேலும் உள்ளே இழுபடுகின்றன. உயர்தர வகுப்பு இரசாயனவியலில் லந்தனைட்டுச் சுருக்கம் என்று ஒரு வரியில் கடந்துபோகும் விஷயம் இது. ஒரு வரியில் முடிக்கக்கூடியது இல்லை என்பது என் அபிப்பிராயம். வேறெந்த இரண்டு மூலகங்களும் இந்தளவுக்கு நெருக்கமான இரட்டையர் இல்லை என்று சொல்வதற்கு இடம் உண்டு, அதற்கு இந்தச் சுருக்கமே காரணம். படிகத்துக்கும் இதே நிலைமைதான். சிர்கோன் உருவாகும்போது அந்த அளவுக்கு ஒரு அணு வந்து பொருந்தினால் போதும். வந்தது யார் என்று அது பார்ப்பதில்லை.

கடைசியில் ஹாஃப்னியத்தைக் காட்டிக்கொடுத்தது எக்ஸ் கதிர். ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் ஹென்றி மோஸ்லி 1913இல் ஒவ்வொரு மூலகமும் தன் அணுவெண்ணுக்கு ஏற்ற எக்ஸ் கதிர் வரிகளைத் தரும் என்று காட்டியதும், 72 என்ற இடம் காலியாக இருப்பது தெரிந்துவிட்டது. பாரிஸில் ஜோர்ஜ் உர்பான் 1911இலேயே அருமண் (லந்தனைட்டு வகை) கனியங்களிலிருந்து செல்டியம் என்ற ஒரு புது மூலகத்தை எடுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். மோஸ்லியே அந்த மாதிரியைச் சோதித்துப் பார்த்தார். 72க்கான வரிகள் இல்லை. ஆனால் 1915இல் மோஸ்லி கலிப்போலிப் போர்முனையில் இறந்துபோனார், வழக்கு தீராமலே கிடந்தது.

கொப்பன்ஹேகனில் பௌதிகவியலாளர் நீல்ஸ் போர் வேறு வழியில் யோசித்தார். இலத்திரன்கள் ஓடுகளில் நிரம்பும் முறையைப் பார்த்தால் 72 அருமண் வகையைச் சேர்ந்ததாக இருக்க முடியாது, சிர்கோனியத்தின் கூட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்றார். சரி, அப்படியானால் சிர்கோனியக் கனியத்தில் தேடுவோம் என்று அவரோடு வேலை செய்த டிர்க் கொஸ்டரும் ஜோர்ஜ் டி ஹெவெசியும் சிர்கோனை எடுத்து எக்ஸ் கதிர் நிறமாலை பார்த்தார்கள். வரிகள் தெளிவாக விழுந்தன. 1922 டிசம்பரில் ஸ்டொக்ஹோமில் போர் தன் நோபல் பேருரையின் முடிவிலேயே இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டார். 1923 ஜனவரியில் கட்டுரை வெளியானது. கொப்பன்ஹேகனின் பழைய இலத்தீன் பெயரையே மூலகத்துக்கு வைத்தார்கள். பாரிஸ்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை, செல்டியம் சண்டை கொஞ்சக் காலம் நடந்தது. கோட்பாடு இன்ன இடத்தில் தேடு என்று சொல்லி, தேடியவர்கள் அதே இடத்தில் கண்டெடுத்தது சிறிய வெற்றி இல்லை. நானாக இருந்தால் இதைப் பாடப்புத்தகத்தில் நீல்ஸ் போரின் அணு மாதிரிக்குப் பக்கத்திலேயே போட்டிருப்பேன்.

கண்டுபிடித்தாயிற்று, பிரிப்பது? பொட்டாசியம், அமோனியம் சேர்ந்த இரட்டைப் புளோரைட்டு உப்புகளாக மாற்றி, திரும்பத் திரும்பப் படிகமாக்கிப் பிரித்தார்கள். கரைதிறனில் இருக்கும் மிகச் சிறிய வித்தியாசம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். பொறுமைக்கு ஒரு எல்லை வேண்டாமா என்று கேட்கவைக்கும் வேலை. பின்பு வான் ஆர்க்கெல், டி போயர் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் ஹாஃப்னியத்தின் அயடைட்டு ஆவியைச் சூடான தங்குதன் (டங்ஸ்டன்) இழையின் மேல் செலுத்தி, தூய உலோகத்தை அந்த இழையிலேயே படியவைத்தார்கள். வெள்ளி நிறம், நன்றாக வளையும் தன்மை, 2233 பாகை செல்சியஸில் உருகுநிலை. அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 13.3 கிராம், அதாவது சிர்கோனியத்தைப் போல இரண்டு மடங்கு. இரட்டையரில் ஒருவரை மற்றவரிடமிருந்து உடனே அடையாளம் காட்டும் ஒரே வெளிப்படையான குணம் இந்தப் பாரம்தான். அப்போதைக்கு அது ஆய்வுகூட அதிசயம், அவ்வளவே. யாருக்கும் தேவைப்படவில்லை.

தேவை வந்தது அணு உலையால். உலைக்குள் எரிபொருளை அடைத்துவைக்கும் குழாய்க்கு ஒரு உலோகம் வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் அரிக்கக்கூடாது, வெப்பம் தாங்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நியூத்திரன்களை விழுங்கக்கூடாது. விழுங்கினால் அணுக்கள் ஒன்றையடுத்து ஒன்று பிளக்கும் தொடர் தாக்கம் நின்றுபோகும். முதல் இரண்டுக்கும் சிர்கோனியம் பொருத்தம். மூன்றாவதில்தான் சிக்கல். அளந்து பார்த்தவர்களுக்கு அது நியூத்திரனை விழுங்குவதாகத் தெரிந்தது, ஆகவே ஒதுக்கிவைத்தார்கள். 1947 அளவில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் உண்மை வெளிவந்தது: விழுங்குவது சிர்கோனியம் இல்லை, உள்ளே இருக்கும் ஹாஃப்னியம். மெதுவான நியூத்திரன்களை உறிஞ்சும் திறனைப் பார்ன் என்ற அலகில் சொல்வார்கள். சிர்கோனியத்துக்கு அது 0.18. ஹாஃப்னியத்துக்கு 104. ஏறத்தாழ அறுநூறு மடங்கு!

இரசாயனத்தில் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாத இரண்டும் கருவின் மட்டத்தில் நேர் எதிர். இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளலாம். இரசாயன நடத்தை வெளி இலத்திரன்களின் சமாசாரம், நியூத்திரனை உறிஞ்சுவது கருவின் சமாசாரம். ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தம் இல்லை.

ஆகவே அணு உலைக்குப் போகும் சிர்கோனியத்தில் ஹாஃப்னியம் பத்து இலட்சத்தில் நூறு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. படிகமாக்கிக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களைச் சேர்த்துக் குலுக்கும் முறை வந்தது. ஒரு முறையில் தயோசயனேற்று சேர்த்த நீரிலிருந்து ஹாஃப்னியம் கரிமக் கரைப்பானுக்குத் தாவும். வேறொன்றில் நைத்திரிக் அமிலக் கரைசலிலிருந்து சிர்கோனியம் தாவும், ஹாஃப்னியம் பின்தங்கும். இப்படிப் பல படிகள். முடிவில் ஒரு பக்கம் அணு உலைத் தரச் சிர்கோனியம், மறுபக்கம் யாரும் கேட்காமலே கிடைத்த ஹாஃப்னியம்.

அதையும் வீணாக்கவில்லை. நியூத்திரனை விழுங்கும் குணம் குழாயில் கெட்டது, உலையின் வேகத்தை அடக்கும் கட்டுப்பாட்டுக் கோலில் நல்லது. 1954இல் கடலில் இறங்கிய அமெரிக்காவின் நோட்டிலஸ் அணு நீர்மூழ்கியில் ஹாஃப்னியக் கோல்களைப் பயன்படுத்தினார்கள். போரன் போன்றவை நியூத்திரன் வாங்கியதும் வேறு மூலகமாகித் திறனை இழந்துவிடும். ஹாஃப்னியம் அப்படி இல்லை. 177 என்ற சமதானி (ஒரே மூலகத்தின், நியூத்திரன் எண்ணிக்கை வேறுபட்ட வகை) ஒரு நியூத்திரனை வாங்கி 178 ஆகும், அதுவும் விழுங்கும். 179, பிறகு 180. இப்படி அடுத்தடுத்து. சூடான தண்ணீரிலும் அரிப்பதில்லை என்பதால் மேலே உறை போட வேண்டிய தேவையும் குறைவு. ஆக, ஒரே சிர்கோன் மணியிலிருந்து உலையை ஓடவிடும் உலோகமும் நிறுத்தும் உலோகமும் கிடைக்கின்றன.

இங்கே ஒரு பயத்தையும் தெளிவாக்கிவிடலாம். கனிய மணல் என்றாலே கதிரியக்கம் என்ற பேச்சு கரையோர ஊர்களில் உண்டு. அந்தப் பேச்சுக்கு ஆதாரம் மொனசைட்டில் இருக்கும் தோரியம். சிர்கோனிலும் சிறிதளவு யுரேனியம், தோரியம் உண்டு. ஹாஃப்னியத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இயற்கை ஹாஃப்னியத்தை நடைமுறையில் நிலையானது என்றே கொள்ளலாம்.

ஹாஃப்னியத்தை நம்மூரில் கண்ணால் பார்க்கவே முடியாதா என்றால், முடியும். தகடு வெட்டும் பட்டறையில் காற்றில் ஓடும் பிளாஸ்மா கட்டர் இருந்தால், அதன் டோர்ச்சைக் கழற்றி எலக்ட்ரோடை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். செப்புத் துண்டின் நுனி நடுவில் வெள்ளியாக ஒரு புள்ளி தெரியும். பெரும்பாலும் அதுதான் ஹாஃப்னியம். சாதாரண வெல்டிங்கில் தங்குதன் ஊசியை ஆகன் வாயு காக்கிறது. பிளாஸ்மா கட்டருக்குக் கொம்பிரசர் காற்று போவதால், அதில் இருக்கும் ஒட்சிசன் தங்குதனை நொடியில் தின்றுவிடும். ஹாஃப்னியம் ஒட்சிசனோடு சேர்ந்தாலும் அந்த ஒட்சைட்டே உருகிய நிலையில் நின்று இலத்திரன்களை உமிழ்கிறது. ஒவ்வொரு தடவை மின்வில் பற்றும்போதும் கொஞ்சம் கரைந்து புள்ளி குழியாகும். குழி ஒரு மில்லிமீற்றரைத் தாண்டியதும் எலக்ட்ரோடை மாற்ற வேண்டும். தேய்ந்ததை எறிந்துவிடுவார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சில பத்து டன் மட்டுமே உற்பத்தியாகும் ஒரு உலோகம் இப்படிக் குப்பைக்குப் போகிறது என்பது பட்டறைக்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மற்றப் பயன்களில் பெரியது ஜெட் இயந்திரம். சுழலித் தகடுகளுக்கான நிக்கல் கலப்புலோகத்தில் ஒன்று, ஒன்றரை வீதம் ஹாஃப்னியம் சேர்த்தால் உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையிலான எல்லைகள் வலுப்பெற்று, அதிவெப்பத்தில் விரிசல் குறையும். அப்பல்லோ சந்திரக் கூடத்தின் இயந்திரத்தில் நயோபியத்தோடு பத்து வீதம் ஹாஃப்னியம் சேர்ந்த கலப்புலோகம் இருந்தது. ஹாஃப்னியம் காபைட்டு ஏறத்தாழ 3900 பாகைக்கு மேல்தான் உருகும்; அதற்கு மேலே போகும் பொருட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கைத்தொலைபேசியிலும் இருக்கிறது, ஆனால் அங்கே அளவு மிகச் சொற்பம். சில்லுக்குள் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் திரான்சிஸ்டரின் வாயிலுக்குக் (gate) கீழே ஒரு காப்புப் படலம் வேண்டும். சிலிக்கன் ஒட்சைட்டைச் சிறிதாக்கிக்கொண்டே போய், கடைசியில் ஐந்து அணு தடிப்பளவுக்கு வந்துவிட்டார்கள். அதற்குள் மின் ஒழுகத் தொடங்கியது. 2007இல் இன்டெல் 45 நானோமீற்றர் சில்லுகளில் அதற்குப் பதிலாக ஹாஃப்னியம் சார்ந்த ஒட்சைட்டைப் போட்டது. அதன் மின்னுழைமாறிலி, அதாவது மின்னேற்றத்தைத் தேக்க உதவும் திறன், பல மடங்கு அதிகம் என்பதால் படலத்தைத் தடிப்பாக வைத்துக்கொண்டே அதே வேலையை வாங்கலாம். பிறகு மற்ற நிறுவனங்களும் அதே பாதைக்கு வந்தன.

இடையில் ஒரு கேலிக்கூத்தும் நடந்தது. ஹாஃப்னியம் 178இன் ஒரு கிளர்ச்சி நிலைக்கு (கரு கூடுதல் சக்தியோடு இருக்கும் நிலை) அரை ஆயுள் 31 ஆண்டுகள். ஒரு கிராமில் சுமார் முன்னூறு கிலோ டி.என்.டி.க்குச் சமமான சக்தி அதில் பூட்டியிருக்கும். டெக்சஸில் ஒரு குழு 1990களின் இறுதியில், பல் வைத்தியர் பயன்படுத்தும் எக்ஸ் கதிர் இயந்திரத்தால் இதைத் திறக்க முடிந்தது என்று அறிவித்தது. உடனே ஹாஃப்னியக் குண்டு என்று பேச்சு கிளம்பியது, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் காசைக் கொட்டியது. அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடம் இன்னும் பலமான எக்ஸ் கதிரில் சோதித்தபோது ஒன்றுமே நடக்கவில்லை. இணையத்தில் இன்றும் இந்தக் குண்டைப் பற்றிப் படிக்கக் கிடைக்கும், நம்ப வேண்டாம்.

எனக்கு இதையெல்லாம் விடப் பிடித்தது, ஹாஃப்னியம் நேரம் சொல்லும் விதம். ஹாஃப்னியம் 182 என்ற சமதானி இப்போது எங்கும் இல்லை. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 90 இலட்சம் ஆண்டு. சூரிய குடும்பம் பிறந்த காலத்தில் இருந்தது, சிதைந்து தங்குதன் 182 ஆகிவிட்டது. ஹாஃப்னியத்துக்குப் பாறையோடு ஒட்டு, தங்குதனுக்கு இரும்போடு ஒட்டு. பூமியின் இரும்பில் பெரும்பகுதி உள்ளே இறங்கி மையமானபோது தங்குதனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு மேலே பாறையில் ஹாஃப்னியத்திலிருந்து பிறந்த தங்குதன் மட்டும் மேலேயே தங்கியது. அது எவ்வளவு என்று அளந்தால், மையம் உருவாகியது சூரிய குடும்பம் பிறந்த முதல் சில கோடி ஆண்டுகளுக்குள் என்று கணக்குப் போட முடிகிறது. 450 கோடி ஆண்டுக்கு முந்திய சங்கதி!

சிர்கோனும் இதே மாதிரி ஒரு கடிகாரம், யுரேனியம் ஈயமாகச் சிதைவதை வைத்து. அதில் கூட வரும் ஹாஃப்னியத்தின் சமதானி விகிதம், அந்தப் பாறை புவியோட்டுக்குக் கீழே உள்ள மூடகத்திலிருந்து புதிதாக வந்ததா, பழைய புவியோடு திரும்ப உருகியதா என்று சொல்லும். இதிலும் இலங்கைக்குப் பங்கு இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் உலகின் மிகப் பழைய சிர்கோன் மணிகளுக்கு வயது பார்த்த கருவிகளை அளவுதிருத்த, சுமார் 57 கோடி ஆண்டு வயதுள்ள இலங்கைச் சிர்கோன் கல்லைத்தான் நியமமாக வைத்திருந்தார்கள்.

கடைசியாக, அடிக்கடி கேட்கும் கேள்வி. மணலாக விற்காமல் இதையெல்லாம் இங்கேயே பிரித்து விற்றால் என்ன? இல்மனைட் விஷயத்தில் அந்தக் கேள்வி நியாயமானது, அதைத் தொடர்ந்து கேட்க வேண்டும். ஹாஃப்னியத்துக்கு அது பொருந்தாது. உலகில் யாரும் ஹாஃப்னியத்துக்காகவே சிர்கோனைப் பிரிப்பதில்லை. அணு உலைச் சிர்கோனியம் செய்பவர்களுக்கு அது பக்கத்தில் கிடைப்பது; ஐம்பது கிலோ சிர்கோனியம் செய்தால் ஒரு கிலோ ஹாஃப்னியம். ஆகவே விலை மணலில் இல்லை, பிரிக்கும் ஆலையில் இருக்கிறது. அந்த ஆலை இருக்கும் இடங்களைப் பார்த்தாலே விளங்கும்: அமெரிக்கா, பிரான்ஸ், ரஷ்யா, சீனா. பக்கத்தில் என்றால் இந்தியா. நமக்கு எதிர்க்கரையில் தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலில் 2009 முதல் ஒரு சிர்கோனிய வளாகம் இயங்குகிறது. எல்லாமே சொந்த அணு உலைத் திட்டம் உள்ள நாடுகள். புல்மோட்டைச் சிர்கோனுக்கு இங்கேயே பெறுமதி கூட்ட வேண்டும் என்றால் கையெட்டும் வழி, அதை மாவாக அரைத்து ஓடு, பீங்கான் தொழிலுக்கு மெருகுப்பூச்சாகக் கொடுப்பது. பூச்சின் வெண்மைக்குச் சிர்கோனியமும் ஹாஃப்னியமும் ஒன்றுதான், அங்கே பிரிக்க வேண்டிய தேவையே வராது.